கதவைத் தட்டியது காதில் விழவில்லை

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 39. பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஷிப்டு வேலை. மாமியார் எங்களோடு இருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. ஐந்து வருஷத்துக்கு முன் ஆரி எம்பிராய்டரி வேலை கற்றுக்கொண்டேன். இப்போது கல்யாணப் பிளவுஸ்கள் தொடர்ந்து வருகின்றன. ஃபிரேம் முன்னால் உட்கார்ந்துவிட்டால் எனக்கு எதுவும் காதில் விழுவதில்லை.

போன மழையில் ஒருநாள் பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள். வேன்காரர் பையனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். மாமியார் அன்றைக்கு நாத்தனார் வீட்டில். பையன் பெல் அடித்திருக்கிறான், கதவைத் தட்டியிருக்கிறான், 'அம்மா அம்மா' என்று கத்தியிருக்கிறான். நான் ஹாலில், கதவிலிருந்து பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். எதிர் வீட்டு அக்கா கடையிலிருந்து திரும்பி வந்து, அவன் நனைந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குப் போன் போட்டார். போன் மடியில் அதிர்ந்தபோதுதான் நிமிர்ந்தேன். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. 'உனக்குக் காது செவிடா, இல்லை கொழுப்பா' என்று கணவர் கேட்டார்.

பத்து நாள் கழித்து, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றிருந்தேன். அடிப்பிடித்துப் புகை கிளம்பி, மாமியார் ஓடிவந்து அணைத்தார். 'இவளுக்கு ஏதோ பிடிச்சிருக்கு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ' என்கிறார்.

எனக்கு மூளையில் ஏதாவது கோளாறா? ஃபிரேமைத் தூக்கி வைத்துவிடட்டுமா? ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேலையில் இருக்கும்போது நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஃபிரேமைத் தூக்கி வைக்க வேண்டாம். கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். என் பதில் வந்து சேர்வதற்குள் அதைப் பரண்மேல் ஏற்றிவிடுவீர்களோ என்று எனக்குக் கவலை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் கதவு ஒன்று இருக்கிறது, குழம்பு ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டார் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'கவனம் இல்லை' என்று பேர் வைத்துவிட்டார்கள். நீங்களும் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். எனக்கு அவை ஒன்றாகத் தெரியவில்லை. பையன் கதவைத் தட்டியபோது உங்கள் கவனம் மொத்தமும் ஊசி முனையில் குவிந்து கிடந்தது. குழம்பு தீய்ந்தபோது உங்கள் கவனம் அடுப்படியிலேயே இல்லை. முதலாவது லயிப்பு. இரண்டாவதற்கு நம் வீடுகளில் சொல்லும் பேச்சே சரி: அரைத்த மாவையே அரைப்பது. இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரி தெரியும். கூப்பிட்டால் பதில் வராது, கண் எங்கேயோ நிற்கும். உள்ளே நடப்பதோ நேர் எதிர். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முதலில் கதவு.

சில மாதங்களுக்கு முன் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பிளவுஸ் கொடுப்பதற்காகப் புரசைவாக்கத்தில் ஒரு மாடி அறைக்குப் போயிருந்தேன். இரண்டு பெண்கள் ஃபிரேமில் இருந்தார்கள். அளவு எடுப்பவர் வரும்வரை அவர்களில் ஒருவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வலது கையில் கொக்கி முனை ஊசி. இடது கை துணிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் நூலைப் பிடித்திருக்கிறது. ஊசி கீழே இறங்குகிறது, இடது கை நூலைக் கொக்கியில் மாட்டிக் கொடுக்கிறது, ஊசி ஒரு வளையத்தோடு மேலே வருகிறது. வந்த வளையத்துக்குள்ளேயே அடுத்த வளையம். ஒரு வளையம் நழுவினால் பின்னால் போட்ட சங்கிலி மொத்தமும் பிரிந்து வந்துவிடும் என்று பிறகு அந்தப் பெண்ணே சொன்னார். நான் இருந்தபோது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. அவர் நெற்றியில் வேர்வை கோடாக இறங்கிக் கண்ணோரம் வந்த பிறகுதான் தலையைத் தூக்கி, 'கரண்ட் போயிடுச்சா?' என்று கேட்டார். ஃபேன் நின்று ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும்.

இந்த நிலையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் மிஹாலி சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியல் அறிஞர். ஹங்கேரியக் குடும்பத்தில் 1934-ல் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர், 2021-ல் காலமானார். ஓவியர்கள், செஸ் ஆடுபவர்கள், மலை ஏறுபவர்கள், அறுவை சிகிச்சை நிபுணர்கள் என்று பலரிடமும் பேசி, தன்னை மறந்து வேலையில் மூழ்குவது எப்போது நடக்கிறது என்று கேட்டார். பதில்கள் ஒரே திசையைக் காட்டின. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். செய்தது சரியா தப்பா என்பது அந்த நொடியே தெரிய வேண்டும். வேலை நம் திறமைக்குச் சற்றே சவாலாக இருக்க வேண்டும். ரொம்ப எளிதானால் சலிப்பு, ரொம்பக் கடினமானால் பதற்றம். இவை கூடிவந்தால் நேரம் போவது தெரியாது, 'நான்' என்ற நினைப்பே கொஞ்சம் கழன்றுவிடும். ஆரி வேலையைப் பாருங்கள். அடுத்த வளையம் எங்கே விழ வேண்டும் என்பது டிரேசிங்கில் வரைந்திருக்கிறது. தப்பினால் அதே நொடியில் நூல் சொல்லிவிடும். ஐந்து வருஷத்தில் சாதாரணச் சங்கிலியைத் தாண்டி, ஜரிகைக் கம்பி வேலையான ஜர்தோசிக்கு வந்திருப்பீர்கள். ஆழ்ந்து போகாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

'அதுக்காகப் பெத்த பிள்ளை கூப்பிட்டால் கூடவா கேட்காது?' உங்களை உள்ளே குத்திக்கொண்டிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். கேட்காது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நில்லி லவியும் அவரோடு வேலை செய்தவர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குக் கடினமான வேலை கொடுக்கப்பட்டவர்களின் மூளையை அளந்தார்கள். அந்த நேரத்தில் எழுந்த ஒலிக்கு மூளையின் கேட்கும் பகுதி காட்டிய துடிப்பே குறைந்திருந்தது. காது ஒழுங்காக இருக்கிறது, ஒலி உள்ளே போகிறது, ஆனால் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்துக்குக் கவனத்தில் பங்கு கிடைக்கவில்லை. கேட்டும் கேட்காதது மாதிரி இருப்பது வேறு, இது வேறு. நீங்கள் மகனை அலட்சியம் செய்யவில்லை. அவன் குரல் உங்களிடம் வந்து சேரவே இல்லை.

இன்னொரு பழைய ஆய்வும் உங்களுக்கு உதவும். 1959-ல் நெவில் மோரே என்பவர், ஒரு காதில் வரும் பேச்சைக் கூர்ந்து கேட்டுத் திருப்பிச் சொல்லும்படி ஆட்களிடம் சொல்லிவிட்டு, மற்றக் காதில் அவர்களுடைய பெயரைப் போட்டார். வேறு எதுவும் நுழையாத இடத்தில் சொந்தப் பெயர் நுழைந்தது, அதுவும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். நம் வீடுகளில் பெண்களைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறோம்? 'ஏய்', 'இந்தாம்மா', 'அம்மா', 'அண்ணி'. பெயருக்கு இருக்கும் அந்தக் கொஞ்ச வலுவும் இந்தச் சொற்களுக்குக் கிடையாது.

உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. பெல், தட்டல், குரல், மூன்றும் உங்களைத் தொடவில்லை. போன் மடியில் அதிர்ந்ததும் நிமிர்ந்துவிட்டீர்கள். உங்களை அடைய வழி உடம்பு வழியாகத்தான். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நோயா என்று கேட்டீர்கள். கடிதத்தை மட்டும் வைத்து ஒருவரை முழுதாகப் பார்த்துவிட முடியாது, அதனால் சில பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது காது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு, ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனையை எடுக்கச் சொல்லுங்கள். டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லி மகள் கேலி செய்கிறாளா, போனில் எதிர்முனையை 'என்ன, என்ன' என்று கேட்கிறீர்களா என்பதையும் யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அப்படியே ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12. இந்த வயதுப் பெண்களுக்கு இவற்றில் ஒன்று குறைந்தாலும் தைராய்டு பிசகினாலும் மூளை மந்தமாகிவிடும், அதைப் 'பொறுப்பில்லை' என்று வீட்டில் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

வலிப்பு நோயில் ஒரு வகை உண்டு. கை கால் இழுக்காது. ஒன்றிரண்டு நிமிஷம் ஆள் உறைந்துபோய், வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டோ கையால் எதையாவது பிசைந்துகொண்டோ இருப்பார். தெளிந்த பிறகு நடந்தது நினைவிருக்காது. அதுவா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். அந்த நாற்பது நிமிஷத்தில் பிளவுஸ் கையில் எத்தனை பூ ஏறியிருந்தது? வேலை நடந்து, கண்ணிகள் வரிசையாக விழுந்திருந்தால் அது வலிப்பு இல்லை. வலிப்பில் இவ்வளவு நுணுக்கமான கைவேலை ஓடாது. ஆனால் அடுப்பு முன்னால் நின்றபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது சுத்தமாக நினைவில்லாமல், ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி இருந்தால், தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சின்ன வயதிலிருந்தே, பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே, பொருளைத் தொலைப்பது, பாதியில் விடுவது, பிடித்ததில் மட்டும் மூழ்கிப்போவது என்று இருந்திருந்தால் அதையும் ஒரு மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக் குறைபாடு உண்டு, சிகிச்சையும் உண்டு. உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கதவுக்கு என்ன செய்வது?

'இனிமே கவனமா இருக்கேன்' என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருப்பீர்கள். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாக்கை யாராலும் காப்பாற்ற முடியாது. கவனமாக இருக்க வேண்டிய அந்த மனசேதான் ஃபிரேமுக்குள் போய்விடுகிறது. பிறகு வெளியே காவலுக்கு யார் இருப்பது? மன உறுதியை நம்பாமல் ஏற்பாட்டை நம்புங்கள்.

ஒரு ஏற்பாட்டில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அடுப்பு எரிந்தால் ஊசி இல்லை, ஊசி எடுத்தால் அடுப்பு இல்லை. பால் காய்கிற ஐந்து நிமிஷத்தில் ஒரு இலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். குக்கர் நாலு விசில் வருவதற்குள், வேண்டாம். கேஸ் அடுப்பு இருக்கும் வீட்டில் இதற்கு விதிவிலக்கு எதுவும் கிடையாது.

எதிர் வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். வேன்காரரிடம், கதவு திறந்து பிள்ளை உள்ளே போவதைப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அவர் எண், பள்ளிக்கூடத்து எண், கணவர் எண், அக்கா எண், இந்த நாலுக்கும் போனில் நீளமான அதிர்வை வைத்து, போனை மடியிலோ இடுப்பிலோ உடம்பில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் காலிங் பெல்லோடு ஒரு சின்ன பல்பை இணைத்துக் கொடுப்பார். காது கேளாதவர்கள் வீட்டில் இப்படி வைத்துக்கொள்வது உண்டு. பல்பைச் சுவரில் மாட்டச் சொல்லாதீர்கள். சுவரை நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஃபிரேம் விளிம்பில், வெளிச்சம் நேராகத் துணிமேல் விழும்படி மாட்டுங்கள். பையன் பெல்லை அழுத்தினால் நீங்கள் தைக்கிற பூவே சிவக்க வேண்டும்.

தொடர்ந்து மூன்று நான்கு மணி நேரம் உட்காராதீர்கள். இதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன், மற்றதைவிட இது முக்கியம் குறைந்தது என்பதால் அல்ல. லயித்திருக்கும்போது பசி, தாகம், கழுத்து வலி, சிறுநீர் என்று உடம்பு சொல்லும் சேதிகளும் பையன் குரல் மாதிரியே வந்து சேராமல் போகும். ஃபிரேமில் வேலை செய்யும் பெண்கள் சிறுநீரை அடக்கி அடக்கி நோய்த்தொற்றோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். போனில் ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு அதிர்வு வையுங்கள். அதிர்ந்தால் எழுந்திருங்கள், தண்ணீர் குடியுங்கள், ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பாருங்கள்.

இப்போது குழம்பு.

உங்கள் கடிதத்தின் வரிசையைத் திரும்பப் பாருங்கள். பையன் நனைந்தான். கணவர் கேட்டார். பத்து நாளில் குழம்பு தீய்ந்தது. அடுப்பு முன்னால் நின்றபோது உங்கள் தலைக்குள் ஓடியது ஆரி டிசைன் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் படிக்கட்டு ஓடியிருக்கும். நனைந்த யூனிஃபார்ம் ஓடியிருக்கும். 'கொழுப்பா' என்ற ஒரு சொல்லுக்கு உள்ளுக்குள்ளேயே நூறு பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பீர்கள். நான் நினைப்பது தவறென்றால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

லயிப்பில் வேலை நகர்கிறது, முடிவில் ஒரு பூ மிஞ்சுகிறது. அரைத்த மாவை அரைக்கும்போது ஒன்றும் நகர்வதில்லை, எழுந்திருக்கும்போது களைப்பு மட்டும் மிஞ்சுகிறது. 2010-ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேரை நாளின் பல நேரங்களில் போன் வழியாகக் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? கேட்ட நேரங்களில் கிட்டத்தட்ட 47 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்தபோது மனிதர்கள் செய்யும் வேலையில் இருந்தபோதைவிட மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். ஆகவே உங்களை நோயாளியாக்குவது ஃபிரேம் இல்லை. நாளில் உங்கள் மனம் ஓரிடத்தில் நின்று இளைப்பாறும் இடமே அதுதான். அதைப் பிடுங்கினால் அந்த மணி நேரங்களும் அடுப்படி யோசனைக்குத்தான் போய்ச் சேரும். குழம்பு இன்னும் அதிகமாகத் தீயும்.

அரைத்த மாவையே அரைக்கும் இந்த எண்ணச் சுழலுக்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். ஒரு நோட்டு வாங்குங்கள். ராத்திரி படுக்கும் முன், மனதில் ஓடுவதை ஒவ்வொரு வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தையும், எப்போது என்பதையும் எழுதுங்கள். 'கொரட்டூர் கஸ்டமர் பாக்கி தரவில்லை' என்று எழுதி நிறுத்தினால் அது திரும்பத் திரும்ப வரும். 'சனிக்கிழமை பத்து மணிக்கு அவங்களுக்குப் போன்' என்று எதிரே எழுதினால் மனசு விட்டுக்கொடுக்கும். இன்னும் முடிக்காத வேலைக்குத் தெளிவான திட்டம் எழுதிய பிறகு அது இடையில் வந்து தொந்தரவு செய்வது குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவரின் 2011 ஆய்வு காட்டியது. என் அனுபவத்திலும் மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் சொல்கிறேன். சில வரிகளுக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது. 'அவர் அப்படிக் கேட்டுட்டார்' என்பது அந்த மாதிரி வரி. அதற்கு ஒரே காரியம், அவரிடமே சொல்வது. இந்த நோட்டு வைத்தும் மூன்று வாரத்தில் சுழல் அடங்காமல், தூக்கம் கெட்டு, ஃபிரேமில் உட்கார்ந்தாலும் சந்தோஷம் வராமல் போனால், அது மனச்சோர்வாக மாறுகிறது என்று பொருள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம், உள்ளே சேர்க்க வேண்டியிருக்காது. வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் இரண்டு வார்த்தை. இதை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பிள்ளை மழையில் நாற்பது நிமிஷம் இருந்தான். அப்பனுக்குப் பதறத்தான் செய்யும். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டும் இல்லை. செவிடா என்பதை ஆடியோகிராம் சொல்லிவிடும். கொழுப்பு இல்லை என்பதை நான் சொல்கிறேன். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் சமையலறையிலிருந்து கத்தாதீர்கள். பக்கத்தில் போங்கள். தோளைச் சட்டென்று தொடாதீர்கள், கையில் கொக்கி ஊசி இருக்கிறது, துணியும் கிழியும் விரலும் கிழியும். ஃபிரேம் கட்டையை விரலால் இரண்டு தட்டு தட்டுங்கள். துணி அதிரும், அது அவர் கைக்குப் போகும். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நிமிர்ந்த பிறகு அரை நிமிஷம் பொறுங்கள். ஒரு வேலையிலிருந்து மனதைப் பிய்த்து இன்னொன்றுக்குக் கொண்டுவரும்போது பழைய வேலையின் மிச்சம் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த அரை நிமிஷத்தில் கேட்ட கேள்விக்கு வரும் பதிலை வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

அம்மா, கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், நல்லதுதான். ஆனால் எதுவோ பிடித்ததற்காக அல்ல. இதே சென்னையில் ராமானுஜன் கணக்கில் இப்படித்தான் கிடந்தார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மேலே மேலே எழுதினார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனம் போகாமல், பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1907-ல் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தோற்றார். 1912-ல் துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவரைப் பிடித்தது என்ன என்று இன்று யாரும் கேட்பதில்லை, மேதை என்கிறோம். அவர் ஆழ்ந்து போனபோது வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்ள அம்மா கோமளத்தம்மாள் இருந்தார், பிறகு மனைவி ஜானகியும் இருந்தார். 1920-ல் 32 வயதில் அவர் சேத்துப்பட்டில் இறந்த பின்பு, அந்த ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 1994-ல் காலமானார். தையல் மெஷின் முன்னால் அவருக்கும் ஊர் உலகம் மறந்த மத்தியானங்கள் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதைப் பற்றிக் கேட்க நமக்குத் தோன்றியதில்லை. உங்கள் மருமகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நீங்கள் இருக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரம் எது என்று நீங்களே சொல்லுங்கள், அதற்குள் அவர் உட்காரட்டும்.

மார்கழி முடிந்து தை பிறந்தால் முகூர்த்த நெருக்கடி தொடங்கிவிடும் என்று உங்களுக்கே தெரியும், சகோதரி. இந்த ஏற்பாடுகளையெல்லாம் அதற்குள் பழக்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஊசி எடுப்பதில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் குறைந்த மூளைதான் அடுத்த நாள் அடுப்பு முன்னால் சிலையாக நிற்கும்.

சந்தோஷமாக இருப்பது பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருஷமாக இந்த ஊரில் பெண்களிடம் இதே வாக்கியத்தைக் கேட்டுவருகிறேன். சங்கீதம் கற்பவர், பேங்க் பரீட்சைக்குப் படிப்பவர், மொட்டை மாடியில் ரோஜா வளர்ப்பவர். வீட்டார் யாரும் இல்லாத ஒரு இடத்தில் மனம் நிறைந்தால் எங்கோ திருடிவிட்டது மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி. நீங்கள் யாருடையதையும் எடுக்கவில்லை. பிளவுஸ் காசு வீட்டுக்குத்தான் வருகிறது. வராவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

கடைசியாக, பையன். அவன் அன்றைக்குப் படிக்கட்டில் என்ன நினைத்தான் என்று அவனிடம் கேட்டீர்களா? எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு நினைப்புத்தான் வந்திருக்கும். அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது, இல்லையென்றால் அம்மா வேண்டுமென்றே திறக்கவில்லை. இரண்டுமே அவன் தனியாகச் சுமக்கக் கூடாதது. பக்கத்தில் உட்காரவைத்து மன்னிப்புக் கேளுங்கள். 'நீ கூப்பிட்டது அம்மாவுக்குக் கேட்கவே இல்லடா, கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்' என்று சொல்லுங்கள். இனிமேல் நடக்கவே நடக்காது என்று சத்தியம் செய்யாதீர்கள்.

பெல்லில் பல்பு மாட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வைத்தே சோதித்துப் பாருங்கள். நீங்கள் ஃபிரேமில் உட்கார்ந்து நிஜமாகவே வேலையில் இறங்குங்கள், பாசாங்கு வேண்டாம். கால் மணி நேரம் போகட்டும். பிறகு அவன் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெல்லை அழுத்தட்டும். கதவு திறக்க எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று அவனே வாய்விட்டு எண்ணட்டும். பத்துக்கு மேல் போனால் பல்பை இடம் மாற்றி மாட்டுங்கள், திரும்ப அவனை அனுப்புங்கள்.